வெள்ளரிக் கொடியும் வெள்ளை நூற்கண்டும்



மாசி மாதம் எங்கள் கொல்லையில் மூன்று குழி எடுத்து, எருவும் மண்ணும் கலந்து போட்டு, குழிக்கு மூன்று விதையாக வெள்ளரி ஊன்றினேன். ஒன்பதில் ஏழு முளைத்தன. சித்திரை பிறந்ததோ இல்லையோ, கொடி மதில் மேல் ஏறி, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கிணற்றடி வரை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால் இரண்டு கிலோவுக்குக் குறைவதில்லை. முதல் வாரம் சந்தோஷம். இரண்டாவது வாரம் அக்கம்பக்கத்தில் கொடுத்துச் சந்தோஷம். மூன்றாவது வாரம் நான் கூடையோடு தெருவில் வருவதைப் பார்த்தாலே, "எங்க வீட்டிலேயும் நிறைய கிடக்கு அக்கா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் பூக்கும் பூக்கள் எல்லாம் ஆண் பூக்கள்தான். காய்க்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அடியில் சின்னப் பிஞ்சோடு பெண் பூ வரும். தேனீ வந்து போனால்தான் பிஞ்சு தங்கும். அதனால் பூக்கும் நேரத்தில் காலை வேளையில் பூச்சி மருந்து எதுவும் அடிக்காதீர்கள். இன்னொன்று, பிஞ்சாகவே பறித்துவிட வேண்டும். ஒரு காய் கொடியிலேயே முற்றிப் பழுத்துவிட்டால், "நம் வேலை முடிந்தது" என்று கொடி நினைத்துக்கொள்கிற மாதிரி, புதுப் பிஞ்சு விடுவது குறைந்துபோகும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். எங்கள் வீட்டில் காய் குவிந்துபோனதற்குக் காரணமே இதுதான்.

இப்போது கசப்பு விஷயம். காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி, வெட்டிய இடத்திலேயே வைத்துத் தேய்த்து நுரை எடுப்போமே, அதை நானும் கை பழக்கமாகச் செய்கிறவள்தான். கசப்புக்குக் காரணமான பொருளுக்கு குகர்பிட்டசின் என்று பெயர். அது காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் அதிகம். ஆகையால் தேய்ப்பதைவிட, காம்புப் பக்கம் ஓர் அங்குலம் வெட்டி எறிவதும் தோலைச் சற்று ஆழமாகச் சீவுவதும்தான் பலன் தரும். அதற்கும் மேல் கசந்தால் அந்தக் காயை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். மோரில் போட்டால் சரியாகிவிடும், குழம்பில் போட்டால் தெரியாது என்று சமாளிக்க வேண்டாம். அதிகமாகக் கசக்கும் காய் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். ஒரு நாள் தண்ணீர் காட்டி மூன்று நாள் காயப்போட்டால் கசப்பு ஏறும். வெயிலில் தினமும் சாயங்காலம் வேரடியில் தண்ணீர், அதன் மேல் காய்ந்த சருகு மூடாக்கு. இவ்வளவுதான் வைத்தியம்.

இந்தக் கோடையில் வெள்ளரிக்காயை வைத்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் ஓரகத்திக்கு ஆடியில்தான் பிரசவம் என்று நாள் குறித்திருந்தார்கள். வைகாசியிலேயே வலி கண்டுவிட்டது. 33 வாரம். பெண் குழந்தை. எடை ஒரு கிலோ 650 கிராம். பார்த்தவுடனே மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழந்தையைத் தனி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை, 37 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் குறைமாதக் குழந்தை என்று கணக்கு. இது இரண்டிலும் சேர்ந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இழுத்துக் குடிக்கத் தெம்பு இருக்காது. இழுப்பது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்ய 34 வாரம் போல ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அதுவரை தாய் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, நர்ஸ் குழாய் வழியாகச் செலுத்துவார்.

ஆகவே எல்லாம் பாலில்தான் இருந்தது. என் மாமியாரோ பழைய காலத்து மனுஷி. ஐந்து பெற்று ஐந்தையும் வளர்த்தவர். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் வெந்நீர், பூண்டுக் குழம்பு, சுட்ட அப்பளம். வெளியே அக்னி நட்சத்திரம். ஓரகத்திக்கோ உதடு வெடித்து, தலைவலி, நீர்க்கடுப்பு. "அக்கா, கொல்லையிலே அவ்வளவு வெள்ளரிக்காய் கிடக்காமே, ஒரு துண்டு கொண்டு வாங்களேன்" என்று என் காதோடு கேட்டாள். அத்தை காதில் விழுந்துவிட்டது.

"வெள்ளரிக்காயா? பச்சை உடம்புக்காரிக்கா? குளிர்ச்சி. பிள்ளைக்குச் சளி கட்டினா யார் பாக்கிறது? அதுக்கே இன்னும் முழு உசிர் வரலை."

கடைசியாகச் சொன்ன வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது. அதனால் நான் எதிர்வாதம் பண்ணவில்லை. மறுநாள் டாக்டரம்மா வந்தபோது அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: தாய் வெள்ளரிக்காய் தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். இந்த வெயிலில் மூன்று டம்ளர் போதவே போதாது. அதற்காகக் குடம் குடமாகக் குடித்தால் பால் பெருகிவிடும் என்றும் இல்லை. இரண்டு மூன்று மணிக்கொரு தரம், இரவிலும் விடாமல், ஒரு நாளைக்கு எட்டு தடவை பாலை எடுத்தால்தான் சுரப்பு ஏறும். எடுக்க எடுக்கத்தான் ஊறும்.

எனக்கு என் வெள்ளரிக் கொடி ஞாபகம்தான் வந்தது. சிரித்துவிட்டேன். அத்தை முறைத்தார்.

முழுத் தோல்வியை அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "பச்சையா வேண்டாம். கூட்டா வைச்சுக் கொண்டா. மிளகு தூக்கலா" என்றார். சரி என்றேன். நம் பத்தியம் முழுவதையும் குப்பையில் போடச் சொல்லுகிறவள் அல்ல நான். பூண்டும் மிளகும் பிள்ளை பெற்றவளுக்கு நாக்குக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்பதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீரைக் குறைப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அந்தக் கூட்டு இப்படி: இரண்டு நடுத்தர வெள்ளரிக்காயைத் தோல் சீவி, விதை முற்றியிருந்தால் எடுத்துவிட்டு, சதுரமாக நறுக்குங்கள். அரை ஆழாக்குப் பாசிப்பருப்பை மஞ்சள்தூளோடு மலர வேக வைத்துக்கொண்டு, அதிலேயே காயைப் போடுங்கள். தனியாகத் தண்ணீர் விடவே வேண்டாம். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான், அதுவே விட்டுக்கொள்ளும். ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய் அரைத்து விட்டு, ஒரு கொதி வந்ததும் உப்புப் போட்டு இறக்கி, நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். காய் ரொம்பக் குழைந்துவிடக் கூடாது. ஓரகத்தி இரண்டு கரண்டி கேட்டுப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் அத்தையே தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

மற்ற பண்டங்களைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். தயிர்ப் பச்சடிக்குத் துருவிய காயில் உப்புப் பிசறிக் கால் மணி வைத்துப் பிழிந்துவிட்டுப் பிறகு தயிரில் போடுங்கள். சாயங்காலம் வரை நீர்த்துப்போகாது. பிழிந்த நீரைக் கீழே ஊற்றாதீர்கள், மோரில் கலந்தால் நீர்மோருக்கு உப்பே போட வேண்டாம். ராமநவமிக்குச் செய்யும் கோசுமல்லி தெரியாதவர் இல்லை; உப்பையும் எலுமிச்சம்பழத்தையும் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். முற்றிய காய் மோர்க்குழம்புக்கு வெண்பூசணியைவிட நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. வீட்டுக்காரர் எதிர்க்கட்சி.

மங்களூர்ப் பக்கத்தில் வெள்ளரிக்காய் தோசை செய்வார்கள். இதற்கு உளுந்தும் வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். இரண்டு டம்ளர் பச்சரிசியை மூன்று மணி ஊற வைத்து, அரை மூடித் தேங்காய், இரண்டு டம்ளர் துருவிய வெள்ளரிக்காய், உப்பு சேர்த்து நைசாக அரைத்துவிட வேண்டும். காய் விடும் நீரே அரைக்கப் போதும். கல்லில் கொஞ்சம் கனமாக வார்த்து, மூடி போட்டு, ஒரு பக்கம் மட்டும் வேக விட்டு எடுங்கள். மிருதுவாக, இலேசான வாசனையோடு இருக்கும். காரச் சட்னிதான் இதற்குச் சரி. ஒரே வேளையில் அரைக் கிலோ காய் காலி. நறுக்கி பிரிஜ்ஜின் ஐஸ் அறையில் வைத்துவிடலாமா என்று ஒரு தோழி கேட்டாள். வேண்டாம். இளகினால் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். ஆந்திரத்துத் தோசாவகாய் ஊறுகாய்க்கு அந்த மஞ்சள் தோசைக்காய்தான் வேண்டும். நம் நாட்டு வெள்ளரியில் போட்டால் இரண்டே நாளில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

ஆனால் நாள்பட வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. வற்றல்தான். கெட்டியான, விதை பிடிக்காத காயாகப் பார்த்து ஒரு கிலோ எடுத்து, கால் அங்குல வில்லையாக நறுக்குங்கள். மூன்று டம்ளர் புளித்த கெட்டி மோரில் இரண்டு டேபிள்ஸ்பூன் உப்பு, ஒரு பிடி பச்சை மிளகாய் அரைத்துக் கலந்து, இரவு முழுவதும் ஊறப் போடுங்கள். காலையில் வடித்து மாடியில் வெள்ளைத் துணியில் பரப்புங்கள். சாயங்காலம் மறுபடி அதே மோரில். இப்படி இரண்டு நாள். பிறகு மோரில் போடாமல் இன்னும் இரண்டு மூன்று நாள், உடைத்தால் சடக்கென்று ஒடிகிற வரை. ஒரு கிலோ காய்ந்தால் இரண்டு பிடிதான் தேறும்; ஏமாந்துபோகாதீர்கள். ஈரம் கொஞ்சம் நின்றாலும் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் எண்ணெயில் பொரித்து ரசஞ்சாதத்தோடு வைத்தால் பிள்ளைகள் சாப்பாட்டுக்குத் தகராறு பண்ண மாட்டார்கள்.

வற்றல் என்றால் காக்கை. காக்கை என்றால் காவல். இங்கேதான் என் நூற்கண்டு வருகிறது. சனி, ஞாயிறுகளில் மாடிப் படிக்கட்டின் நிழலில் உட்கார்ந்து, ஒரு கண் வற்றலில், ஒரு கண் ஊசியில். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புத் தையல் டீச்சர் அடித்துக் கற்றுக்கொடுத்த பின்னல் இது. கல்யாணத்துக்கு அப்புறம் வயர் கூடை போட்டதோடு சரி. திருச்சி வெயிலில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை? ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "குழந்தைக்குக் குல்லா, காலுறை இருந்தால் கொண்டாங்க" என்றாரே, அப்போது பெட்டியடியிலிருந்த ஊசி வெளியே வந்தது.

குறைமாதக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. உடம்புக்குத் தலை பெரிது. சூடு தலை வழியாகவே நிறையப் போய்விடும். நமக்கு வியர்க்கிற அறையிலேயே அதற்குக் குளிரும். சூட்டைக் காப்பாற்றவே தெம்பெல்லாம் செலவழிந்தால் எடை எப்படி ஏறும்? குல்லாவைவிடப் பெரிய மருந்து ஒன்று உண்டு: தாயின் வெறும் மார்போடு குழந்தையை நிமிர்த்திச் சேர்த்துக் கட்டிக்கொள்வது. கங்காரு முறை என்பார்கள். தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1978-ல், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் எடை குறைந்த, குறைமாதப் பிள்ளைகள் எல்லோருக்கும் பிறந்தது முதலே இதைச் செய்யச் சொல்லிவிட்டது. ஒரு நாளில் எட்டு மணி நேரமாவது, முடிந்தால் நாள் முழுவதும். அப்பா, பாட்டி யாரும் முறை மாற்றிக்கொள்ளலாம். என் கொழுந்தனார் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு பிடி உயிரை மார்பில் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க வேண்டும். அப்போது குழந்தைக்கு உடம்பில் துணி என்றால் குல்லா, காலுறை, இடுப்புத்துணி. அவ்வளவே.

குல்லாவுக்கு மயிர் பறக்கும் உல்லன் வேண்டாம், மூக்கில் ஏறும். சுத்தக் கம்பளி வெந்நீரில் அலசினால் சுருங்கிவிடும். மிருதுவான பருத்தி நூல் அல்லது குழந்தைகளுக்கென்றே விற்கும் நான்கு பிரி அக்ரிலிக் நூல் நல்லது. வெள்ளை அல்லது வெளிர் நிறமே வாங்குங்கள், சாயம் போகாது. 10-ஆம் நம்பர் ஊசி இரண்டு. 72 லூப் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ப்ளெயின், இரண்டு பர்ல் என்று 8 வரிசை பார்டர். பிறகு ஒரு வரிசை ப்ளெயின், ஒரு வரிசை பர்ல் என்று ஆரம்பத்திலிருந்து 8 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை போங்கள். இனிக் குறைக்க வேண்டும். ப்ளெயின் வரிசையில் 7 பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். இதையே வரிசை முடிய எட்டு தடவை செய்தால் 64 நிற்கும். அடுத்தது பர்ல் வரிசை, குறைக்காமல். அதற்கடுத்த ப்ளெயின் வரிசையில் 6 பின்னி இரண்டைச் சேர்க்க, 56. இப்படியே ஒவ்வொரு ப்ளெயின் வரிசையிலும் ஒன்று ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 8 லூப் மிஞ்சும். நூலை ஒரு சாண் விட்டுக் கத்தரித்து, எட்டின் வழியாகவும் கோத்து இறுக்கி, பக்கவாட்டை ஓரத்தோடு ஓரமாகத் தைத்துவிடுங்கள். தடிப்பாகத் தைத்தால் மெல்லிய தோலில் அச்சு விழும்.

பித்தான், ரிப்பன், குஞ்சம் எதுவும் வேண்டாம். ஓட்டை ஓட்டையான அழகுப் பின்னலும் வேண்டாம். காலுறை, கையுறை பின்னினால் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூல் நுனி ஒன்றுகூட இல்லாமல் இழைத்துவிடுங்கள். பிஞ்சு விரலில் ஒரு இழை சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். அதனால் கழற்றும்போதெல்லாம் விரல்களை எண்ணிப் பாருங்கள். பின்னி முடித்ததும் சோப்பில் அலசி வெயிலில் காய வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மஞ்சள்தூள் கையோடு வெள்ளை நூலைத் தொடாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. கை வியர்த்து நூல் நகராவிட்டால் மடியில் ஒரு துண்டு வைத்துத் துடைத்துக்கொண்டே பின்னுங்கள். மூங்கில் ஊசி வியர்த்த கையில் வழுக்காது.

குல்லா ஆஸ்பத்திரியிலும் கங்காரு முறையின்போதும்தான். வீட்டுக்கு வந்து, எடை ஏறி, டாக்டர் போதும் என்றுவிட்டால், நம் ஊர் வெயிலில் தூங்குகிற பிள்ளைக்குக் குல்லா போட்டு வைக்கக் கூடாது. உடம்பு கொதித்துவிடும், சரிந்து மூக்கை மூடும் அபாயமும் உண்டு. இதை அத்தைக்கு நான் சொல்லவில்லை. டாக்டரம்மாவையே சொல்லச் சொன்னேன்.

ஒரு வாரக் கடைசிக்கு இரண்டு மூன்று குல்லா ஆகும். எங்கள் குழந்தைக்கு மூன்று போதும். பக்கத்துப் பெட்டியிலிருந்த பிள்ளையின் தாய், வேறு ஊரிலிருந்து வந்தவள், குல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்று. அப்புறம் நர்ஸம்மா கேட்டு நான்கு. மொத்தம் எட்டு பின்னியிருக்கிறேன். வற்றலில் காக்கை கொண்டுபோனதும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

பத்தொன்பதாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. இப்போது இரண்டு கிலோ 600. தானே இழுத்துக் குடிக்கிறது; பசித்தால் தெருவே கேட்கிறது. முதல் குல்லா இப்போது அதன் தலையில் ஏறவே ஏறாது. அத்தை அதை மடித்துத் தன் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்.

கொடி மஞ்சளாகிவிட்டது. மதில் ஓரமாக ஒரே ஒரு காயை மட்டும் பறிக்க விடாமல், அத்தை துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார். விதைக்காம். நன்றாகப் பழுத்து மஞ்சளான பிறகு, சதையோடு விதையைத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டுவைத்தால் வழுவழுப்பு விட்டுப்போகும். மிதப்பதை எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை அலசி நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைக்கலாம். கடையில் வாங்கும் ஒட்டுரக விதையின் காயில் எடுத்தால் அடுத்த வருஷம் அதே மாதிரி காய்க்காது. நாட்டு விதைக்குத்தான் இது. எனக்கு ஆறு கொடிக்கு விதை போதும். அத்தை இருபது கேட்கிறார்.